வெளுக்காத நீலம்

இருட்டிய பிறகும் மீன்கள் வெளுக்கவில்லை.

கோபாலசாமி முதலில் அதைக் கண்டுகொள்ளவில்லை. லேத்துப் பட்டறையிலிருந்து வந்து, காலையில் வடித்த சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டு, ஹாலில் மீன்தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெளியே மழை இருட்டு. சாயங்காலமே கரண்ட் போயிருந்தது. அவர் குடியிருந்த கணபதிப் பகுதியில் அத்தனை பட்டறையும் ஒன்றாக நின்றுபோனால் ஓர் அமைதி வரும், காதில் பஞ்சை அடைத்த மாதிரி. அந்த அமைதியில், பாசி வாசமும் அவர் கையிலிருந்து போகாத கிரீஸ் வாசமும் கலந்து கிடந்த ஹாலில், நியான் மீன்கள் நீலநீலக் கோடுகளாக அசையாமல் நின்றன.

இருட்டில் அவை நிறத்தை விட்டுவிடும். மகள் நவ்யா சொல்லித்தான் அவருக்கு அது தெரியும்.

"தூங்கப் போறப்ப சட்டையக் கழட்டி வெச்சுரும்ங்கப்பா. காலைல பட்டுனு தொட்டி லைட்டப் போட்டுறாதீங்க, பதறிப்போயிரும். மொதல்ல ஹால் லைட்டு. கொஞ்சம் பொறுத்துத்தான் அது."

"ஏன் அம்மணி, என்னைய எழுப்பறதுக்கு ஒரு நாளாச்சும் இத்தனை பார்த்திருக்கியா?"

"நீங்கதான் எதுக்கும் பதற மாட்டீங்களே."

பதறினார். ஐப்பசி மழையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, ராத்திரி முழுக்க ஈரத்துண்டை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டார். போடப் போடத் துண்டு சூடானது. ஆஸ்பத்திரியில் அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு, "மீனைச் சாகவுட்டுராதீங்கப்பா." அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இதையாவது. காலையில் எழுந்திருக்க அவருக்கு வேறு காரணம் இருக்கவில்லை. இந்த ஹாலைப் பார்க்கவே முடியாமல் மனைவி தெய்வாத்தாள் காங்கேயத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, நவ்யா மீன் வாங்கிய கடைக்காரர் யூனுஸுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க தம்பி, இருட்டுலயும் மீனு கலராவே இருக்குதே?"

"இருக்காதுங்ண்ணா. எங்கிருந்தாச்சும் வெளிச்சம் விழுகும், பாருங்க. தண்ணி மாத்துனீங்களா?"

"காலைல மாத்துனேன்."

"போர் தண்ணிய ஊத்திப்போடலியே? நமக்குத்தாங்ண்ணா எந்தத் தண்ணியும் ஒத்துக்கும். அதுக மாப்பிள்ளை ஊட்டு ஆளுக மாதிரி, எல்லாத்துலயும் கொறை சொல்லும்."

"குழாய்ல நல்ல தண்ணி வரலீங்க. ஒரு கேன் ஆத்துத் தண்ணி இருந்துச்சு. கொடுமுடில புடிச்சது."

"காவேரித் தண்ணியா, அப்பப் பயமில்ல. சூடு மட்டும் ஏறாமப் பாத்துக்கங்க. ஏறுச்சுன்னா பொழைக்காதுக. உடனே தண்ணிய மாத்திப்போடுங்க."

போனை வைத்த பிறகுதான் அந்தக் கேன் அவர் மனசில் வந்து நின்றது. நவ்யாவின் சாம்பலைக் கரைக்கப் போன அன்று பிடித்தது. முழுகி எழுந்தபோது ஆறு அவ்வளவு தெளிவாக இருந்தது. சாம்பல் மெல்லிய ஆடையாக மிதந்து போய்க்கொண்டிருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இது அவள் மீனுக்கு ஆகுமே என்று கேனை அமிழ்த்தினார். "திரும்பிப் பார்க்காமப் போங்க, இங்கிருந்து எதையும் ஊட்டுக்குக் கொண்டுபோகாதீங்க" என்று காரியம் செய்தவர் படியில் நின்று சொன்னார். அதில் முன்பாதிதான் அவர் காதில் ஏறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் கேன் இருந்தது.

எழுந்து போய்த் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

சூடு.

ஹீட்டருக்குக் கரண்ட் இல்லை. ஒயரைத் தடவிப் பார்த்தார், அது குளிர்ந்து கிடந்தது. கண்ணாடி மட்டும் சுட்டது. இந்தச் சூடு அவருடைய உள்ளங்கைக்குத் தெரியும். எவ்வளவு நேரம் அவள் நெற்றியின் மேலேயே கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

டார்ச்சை அடித்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் மட்டம் ஏறியது. இறங்கியது. யாரும் தொடவில்லை. காற்றுக்குழாய் ஓடவில்லை. மறுபடி ஏறியது, பாதியில் தடுக்கி நின்றது, இறங்கியது. அந்தத் தடுக்கல். கடைசி ராத்திரி கட்டிலருகே அவர் கேட்டுக்கொண்டே இருந்த தடுக்கல்.

மீன்கள் செத்துவிடும். தண்ணீரை மாற்ற வேண்டும். மக்கை எடுத்து மொண்டு வாளியில் ஊற்றினார். மட்டம் இறங்கியது. ஏறவில்லை. காத்திருந்தார். ஏறவில்லை. தொட்டிக்குள் எங்கோ மூச்சுக்குத் தவிக்கும் ஒரு விக்கல்.

"கண்ணு," என்றார், "வேண்டாங்கண்ணு, ஊத்திர்றேன். ஊத்திர்றேன்."

வாளியைத் தூக்கித் திரும்ப ஊற்றினார். அவசரத்தில் பாதி தரையில் போனது. மட்டம் மெல்ல ஏறியது. தடுக்கியது. இறங்கியது.

மற்ற வாளிகளும் குடங்களும் காலி. வேறு தண்ணீர் இருந்தாலும் இனி அவரால் தொட்டியிலிருந்து மொள்ள முடியாது. தரையில் சிந்திய தண்ணீரில் துண்டை நனைத்துக் கண்ணாடியின் மேல் போட்டார். அது சூடானதும் எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டார். வேறென்ன செய்யத் தெரியும் அவருக்கு. டார்ச் மங்கிக்கொண்டே வந்து அணைந்தது. எடுத்தார். பிழிந்தார். போட்டார்.

கரண்ட் வந்தது.

ஹால் விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்தார். பிறகு தொட்டி விளக்கைப் போட்டார்.

மீன்கள் மேலே மிதந்தன. எல்லாம். வெளுத்து, வயிறு தெரிய, தட்டில் காய்ந்த பருக்கை போல.

அவற்றுக்குக் கீழே, நடுத் தண்ணீரில், நீலக் கோடுகள் அப்படியே நின்றன. மீன் இல்லாத கோடுகள்.

தீனி போடும் முன் நவ்யா நகத்தால் தட்டிக் கூப்பிடும் இடது மூலையில் சத்தம் கேட்டது. டொக். டொக்.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.

கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி அந்த மூலைக்கு நீந்தின. கோபாலசாமியின் கையில் துண்டு சூடாகிக்கொண்டிருந்தது.