கவிழ்த்து வைத்த பானைகள்

"கண்ணீரோட வேணுங்களா, சும்மாவா?" என்று பாவாயி கேட்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாலையும் கழுத்துமாக நின்ற ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. மாப்பிள்ளை ஏரிக்கரைக் கவிகை என்ற, குமிழ்க்கூரை மூடிய ஊர்க்காரன். பூமியில், ஆப்பிரிக்காவின் ஒரு பெரிய ஏரிக்கரையில் மாடு மேய்த்த மக்களின் வழியில் வந்தவன். தாலி கட்டுமுன் ஆளுநரிடம் ஒரு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். வாங்காமல் கட்டினால் விளங்காது என்பார்கள்.

"கண்ணீரோடன்னா நேரமாகுங்களா?" என்றாள் பெண்.

"ஆகும் சாமி. மூக்கு வேற சிந்துவாரு."

"அப்பச் சும்மாவே குடுங்க. பந்தி ஆரம்பிச்சுருவாங்க."

பாவாயி விசையைத் தட்டினாள். கண்ணாடிக்குள் வெளிச்சம் கூடி, வெள்ளைச் சீருடையும் கையில் தொப்பியுமாக ஆல்பிரெக்ட் ஃபோன் ரெடென்ஹாகன் எழுந்து நின்றார். ஜெர்மன்காரர். பயணியாகப் போய் அந்த ஏரியைக் 'கண்டுபிடித்து', பிறகு அதற்கே ஆளுநராக இருந்து, காய்ச்சலில் கட்டிலிலேயே செத்தவர். செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

"உங்கள் நிலத்தை என் நிலம் என்றேன். அதில் உங்கள் முன்னோரை விருந்தாளிகள் என்றேன். வருந்துகிறேன்."

ஜோடி நெற்றியைத் தொட்டுக்கொண்டது. கண்ணாடியோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடிப்போனது.

செம்மேட்டுக் கோளில் பொறுப்பேற்பு மண்டபம் இல்லாத ஊரே கிடையாது. ஒரு மனிதர் எழுதியது, பேசியது, அவரைப் பற்றி மற்றவர்கள் பேசியது எல்லாவற்றையும் ஒன்றாகக் காய்ச்சி, யோசிக்கிற ஒரு படிமமாக வார்த்து எடுப்பார்கள். வெறும் பேச்சுப் பொம்மை அல்ல, அதற்கு வெட்கம் உண்டு. வெட்கம் இல்லாத படிமம் கேட்கும் மன்னிப்பு சட்டப்படி செல்லாது. பாவாயி வேலை பார்த்த மேட்டுக்கூட்டு ஊர் மண்டபத்தில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். ஒன்றில் ரெடென்ஹாகன். அடுத்ததில், தமிழ்நாட்டில் பஞ்ச காலத்திலும் வரி வசூலித்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவருக்குத் தாடை பழுது. "நான்" என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிடுவார். யாரும் வந்து கேட்பதில்லை என்பதால் யாரும் சரி செய்யவும் இல்லை.

பாவாயிக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. வந்த புதிதில் ஆளுநர் அழுதால் இவளும் அழுவாள். இப்போது அவர் அழும் நேரத்தில்தான் சோற்று டப்பாவைத் திறப்பாள்.

"இன்று உங்கள் முகம் வேறு மாதிரி இருக்கிறது, அம்மணி" என்றார் ஆளுநர். இவளுக்கு முன் அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாரும் கொங்கு வழிக்காரர்கள். அவரது 'அம்மணி' அவர்களிடம் கேட்டுக் கற்றது.

"எடம் ஒதுக்கிட்டாங்க! வெண்குழில. தண்ணி இருக்குதாமா. தோண்டுனா கை நனையுமாமா."

மேட்டுக்கூட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. குடியேறியவர்கள் பூமியில் செய்ததையே இங்கும் செய்தார்கள். ஆளுக்கொரு ஆழ்துளை. பக்கத்து வீட்டுக்காரன் போட்டதைவிட ஆழமாக இன்னொன்று. கடைசியில் குழாயில் புழுதிதான் வந்தது. அந்தப் புழுதியெல்லாம் ஆழ்துளை போடும் வண்டி ஓட்டிய பாவாயியின் புருஷன் நாச்சிமுத்துவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. ஈரக்காற்றுக்குப் போனால் பிழைப்பார், இங்கேயே இருந்தால் இல்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

"ஆளில்லாத எடம். நம்ம மனையப் பாருங்க" என்று ஒதுக்கீட்டுப் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்.

ஆளுநர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்தப் பருவத்தில் அளந்தார்கள்?"

"வறக்காலத்துலதான். பனி உருகி ஓடற உருகுகாலத்துல யாரு அங்க போவா? முழங்கால் சேறு."

"அந்தக் கற்கள்?"

"கல்லு கல்லுதான், இன்னென்ன?"

"மூன்று கல். அதன் மேல் ஒரு தட்டைக் கல். அதோ இன்னொன்று. அதற்குப் பின்னால் வரிசையாக இருக்கிறது பாருங்கள்."

"காத்து அடிச்சு அப்படி ஆயிருக்கும்னு சொன்னாங்க."

ஆளுநர் தொப்பியைக் கீழே வைத்தார். அவர் தொப்பியைக் கீழே வைத்து அவள் பார்த்ததே இல்லை.

"நான் அந்த ஏரிக்குப் போனபோது கரையில் ஒருவர்கூட இல்லை. வீடுகள் காலி. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக் கற்கள் மேல் பானை கவிழ்த்து வைத்திருந்தது. கைவிட்டுப்போன ஊர் என்று எழுதினேன். என் சமையல்காரன் அந்தப் பக்கத்து ஆள். துரை, பானையைக் கவிழ்த்து வைத்தால் மழைக்குத் திரும்பி வருவார்கள் என்று அர்த்தம், மாட்டோடு மேட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றான்."

"அப்பறம்?"

"மழைக்கு வந்தார்கள். அதற்குள் நான் கொடிமரம் நட்டு, கிடங்கு கட்டி, பீரங்கி ஏற்றிவிட்டேன். மீதி பெரிய மன்னிப்பில் வருகிறதே."

கண்ணீரோடு கேட்கும் அந்தப் பெரிய மன்னிப்பு பாவாயிக்கு மனப்பாடம். எரிந்த வீடுகள், ஏரியில் மிதந்த மாடுகள், பிள்ளைகளின் பெயர்கள். பெயர்கள் வரும் இடத்தில்தான் அவர் மூக்கைச் சிந்துவார்.

"சமையக்காரன் சொன்னத நீங்க நம்பல, அப்படித்தானுங்களே?" என்றாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேவலை போலிருந்தது.

"நம்பினேன். அதுதான் சங்கடம். தலைமையிடத்துக்கு எழுதியும் கேட்டேன். சீக்கிரம் கட்டி முடி என்று பதில் வந்தது. பிறகு அந்த ஏரிக்கு என் பெயரை வைத்தார்கள்."

பாவாயி படத்தை உருவிக்கொண்டாள். "உங்களுக்கு எதப் பாத்தாலும் பானையாத்தான் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லி விளக்கை அணைத்தாள். சோறு அப்படியே இருந்தது.

வீட்டில் நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து, மூச்சுக்குழாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டு முடிக்கும் முன் இரண்டு தடவை இருமினார்.

"அந்தக் கவர்னரு சொன்னாரா? செத்த ஆளு பேச்சக் கேட்டா இருக்கற ஆளு சாவறான்."

"கல்லுக்கு மேல மூடி வெச்சிருக்குதுங்க. மாமா, நீங்களே பாருங்க."

படத்தை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் தடவித் தடவிப் பார்த்தார். கல்லையும் மண்ணையும் அவருக்குத் தெரியாதா?

"மூடிதான்" என்றார் கடைசியில்.

"அப்ப?"

"அப்பன்னா? அவியளுக்கு ஒரு ஊடு இருக்குது. எனக்கு நெஞ்சு இருக்குது. எது பெருசுன்னு என்னையவே கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும்?"

அவள் படத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"போய்ச் சொல்லோணும்னா சொல்லு, பாவாயி. சொல்லாம இருந்தாலும் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். ஆனா சொல்லிப்போட்டு வந்து எம்மூஞ்சியப் பாக்காத."

மறுநாள் அவள் மண்டபத்துக்குப் போகாமல் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனாள். கால்தான் போனது. மனசுக்கு எதுவும் உறைக்கவில்லை. போகிற வழியில் புருஷனுக்கு எந்தத் துண்டைப் போர்த்திக் கடைசியாக அனுப்புவது என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அதற்கும் அழுகை வரவில்லை.

துணை ஆணையர் வித்யாதரன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சின்ன வயசு, நல்ல பணிவு.

"சொல்லுங்கம்மா. மனை பிடிக்கலையா?"

"அது காலி மனை இல்லீங்க. யாரோ இருக்கறாங்க. உருகுகாலத்துக்குத் திரும்பி வருவாங்க. எம்மனைய எடுத்துக்கங்க, வேண்டாம். ஆனா அளந்தது தப்பு. அதச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

வித்யாதரன் முகத்தில் அதிர்ச்சியைத் தேடினாள். இல்லை. நெடுநாளாக எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டதைப் போல அவர் மலர்ந்துபோயிருந்தார்.

"தெரியும்மா. துணைக்கோள்ல பாத்திருக்கோம். உருகும்போது கூட்டமா வருவாங்க. பாறையோட பாறையா நடக்குறாங்க, ரொம்ப மெதுவா."

"தெரிஞ்சுமா வறக்காலத்துல அளந்தீங்க?"

"உருகுகாலத்துல அளந்தா காலியா இருக்காதேம்மா" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. "இங்க மட்டும் என்ன, தண்ணி இருக்கா? பிள்ளைங்க இருக்கு. உங்க வீட்டுக்காரர் மாதிரி எத்தனை பேர் நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க?"

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நேற்றே நாச்சிமுத்துவிடம் சொல்லியிருப்பாள்.

"ஆனா நாங்க பழைய ஆளுங்க மாதிரி இல்லம்மா" என்று வித்யாதரன் குரலைத் தாழ்த்தினார். "அவங்க என்ன பண்ணாங்க? செய்யறதெல்லாம் செஞ்சிட்டு, இருநூறு முந்நூறு வருஷம் கழிச்சு மன்னிப்புக் கேட்டாங்க. அதுவரைக்கும் பாதிக்கப்பட்டவங்க கதி? இப்ப புதுச் சட்டம். குடியேற்றமும் மன்னிப்பும் ஒண்ணா ஆரம்பிக்கணும். வெண்குழியில முதல்ல எழும்புறது பொறுப்பேற்பு மண்டபம்தான். வீடெல்லாம் அப்புறம்."

"அதுல யாரு நிப்பாங்க?"

"அதுக்குத்தாம்மா ஆள் கிடைக்கல. வெட்கம் இருக்கணுமே. எங்க ஆணையரை வார்த்துப் பாத்தோம், படிமம் நல்லாச் சிரிக்குது. அவ்வளவுதான். விஷயம் தெரிஞ்சும் பேசாம இருந்தவங்க சரிவர மாட்டாங்க. தெரிஞ்சதும் யாராவது தானா வந்து சொல்லணும், அவங்கதான் சரின்னு காத்திருந்தோம்." கைகூப்பினார். "நீங்க வந்தீங்க."

அவளுக்கு மூலை மனை கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றுக்குப் பக்கம். நாச்சிமுத்துவுக்கு முதல் வண்டியிலேயே இடம். வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மடியில் மூச்சுக்குழாயோடு அவர் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணுக்குள் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

உயிரோடு இருப்பவரை வார்ப்பது சுலபம். தலையில் ஒரு வலையை மாட்டி, தூங்கச் சொல்வார்கள். விழித்தபோது அவளுக்கு லேசான தலைவலியும் பசியும் மட்டும்தான் இருந்தன.

கடைசி நாள் ஆளுநரிடம் சொல்லிக்கொள்ளப் போனாள்.

"சொல்லிவிட்டீர்களா?" என்றார்.

"சொல்லிப்போட்டேன்."

"என்ன செய்தார்கள்?"

"கூண்டு கட்டறாங்க. எனக்கு."

ஆளுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழில்காரர் தொழில்காரரிடம் பேசும் குரலில் சொன்னார்: "தெரியாமல் செய்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அம்மணி. கேட்கிறவர்களுக்குப் பிடிப்பதில்லை. பெயர்களை நிதானமாகச் சொல்லுங்கள்."

"அவங்க பேரு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன்" என்றார். "செத்தவர்களைக் கணக்கெடுத்தபோது."

வெண்குழியின் காற்றில் ஈரம் இருந்தது. நாச்சிமுத்து முதல் வாரமே மூச்சுக்குழாயைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். மனையில் இருந்த அந்த மூன்று கல்லையும் தட்டைக் கல்லையும் அவரே நோகாமல் எடுத்து, வேலி ஓரமாக அதே மாதிரி அடுக்கி வைத்தார். மூடியைத் தூக்கியபோது உள்ளே என்ன இருந்தது என்று பாவாயி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

மண்டபத் திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டிருந்தது. தோரணம், நாதசுரம், ஆளுக்கொரு லட்டு. நாடா வெட்டியாயிற்று. அப்புறம்தான் ஒரு சிக்கல். முதல் மன்னிப்பை யாராவது பெற்றுக்கொண்டால்தான் மண்டபம் திறந்ததாகச் சட்டப்படி ஆகும். பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. வருவதற்குப் பருவம் இருக்கிறது.

"நீங்களே வாங்கிக்குங்கம்மா" என்றார் வித்யாதரன். "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு."

கூட்டம் வழிவிட்டது. பாவாயி தடுப்புக்கு இந்தப் பக்கம், மன்னிப்பு வாங்க வருபவர்கள் நிற்கும் இடத்தில் வந்து நின்றாள். இந்தப் பக்கம் அவள் நின்றதே இல்லை. கண்ணாடிக்குள் இருட்டாக இருந்தது. விசைப்பலகைக்குப் பின்னால் புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, மூக்குத்தி மின்ன, ஆர்வமாக உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணீரோட வேணுங்களா, சும்மாவா?" என்று அவள் கேட்டாள்.

எங்கேயோ தொலைவில் மலைச்சரிவில் கல் உருளும் சத்தம் கேட்டது. காற்றாக இருக்கும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கவிகையின் மேல் உருகுகாலத்தின் முதல் சொட்டு விழுந்து வழிந்தது.

"சும்மாவே குடு சாமி" என்றாள் பாவாயி. "பந்தி ஆரம்பிச்சுருவாங்க."