அவசர அழைப்பு மட்டும்

"அம்மாவுக்கு டைப் பண்ணவே வராது அண்ணி. அதைத்தான் நான் காலையிலேருந்து..."

"பழகிக்கிட்டாங்க பாப்பா. சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல..."

"கண்ணு பாதி தெரியாத மனுஷி, ஒரு எழுத்துத் தப்பில்லாம பழகிக்கிட்டாங்களா?"

"பக்கத்துல இருந்து பாத்தவ நான். நீ எங்கேயோ இருந்துகிட்டு..."

"ஆமா, எங்கேயோதான் இருந்தேன். அதைச் சொல்லிக் காட்டாம உங்களுக்கு ஒரு பேச்சு முடியாதே."

நாத்தனாரின் தோளில் துண்டு, கையில் செத்துப்போன அம்மாவின் பழைய போன். பிள்ளை பெற்றவள் ஆனாலும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான். அம்மா போன செய்தி கேட்டு வந்தவள், இன்று சாயங்காலம் ஊர் திரும்புகிறாள். போகிற நாளில் பின்னறை மெத்தையைத் தட்டப் போனவளுக்கு அடியிலிருந்து இது அகப்பட்டிருந்தது.

"கடைசியா கேக்குறேன். பின் நம்பர் தெரியுமா, தெரியாதா?"

"சத்தியமா தெரியாது. அத்தையே மாத்தினாங்க, அத்தையே மறந்துட்டாங்க."

"சரி விடுங்க. போன் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். உள்ளே இருக்கிறது எதுவும் அழியாம திறந்து தர்றேன்னார். உயிர் வர்ற அளவுக்குச் சார்ஜ் ஏறட்டும், நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

பின்னறைப் பிளக்கில் செருகிவிட்டுப் போனாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. வாளியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

அந்தத் தண்ணீர் நிற்கும் வரைக்கும்தான் மருமகளுக்கு அவகாசம்.

அவள் தன் போனைக் கூடத்து மேசையிலேயே வைத்துவிட்டுப் பின்னறைக்குள் போய், அரவம் வெளியே கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டாள். மெத்தையைத் தவிர அறையில் எல்லாவற்றையும் இரண்டு தடவை கழுவியாயிற்று, திரைச்சீலையை மாற்றியாயிற்று, நேற்று வரை ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து போட்டாயிற்று, அப்படியும் அத்தை நெற்றியிலும் முழங்காலிலும் மாறி மாறித் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை, இப்போதுதான் யாரோ மூடியைத் திருகி வைத்ததுபோல, மூக்கைக் குத்தியது. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. சார்ஜர் வயர் குட்டை. கட்டிலில் உட்கார்ந்தால்தான் போனை மடியில் வைக்க முடியும். உட்கார்ந்தாள். மெத்தையின் பள்ளம் அவளைத் தனக்குள் இழுத்துக்கொண்டது.

நம்பர் அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவளுடைய ஸ்கூட்டர் எண்தான். அத்தை ஒவ்வொரு நாளும் மகளுக்குப் போன் போட்டு, குழம்பில் உப்பில்லை என்பதிலிருந்து மருமகள் முறைத்தாள் என்பது வரைக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மதியம், கிழவி தூங்கும்போது அவள்தான் மாற்றினாள். மகள் பிறந்த வருஷத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது திறக்கலையேம்மா" என்று அத்தை வந்து நின்றபோது, "திரும்பவும் மறந்துட்டீங்களா அத்தை? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று தேன் ஒழுகச் சொன்னாள். அத்தை நம்பினாள். தன் புத்திதான் தடுமாறுகிறதென்று நம்பி, கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த விரலைத் திரை ஏற்றுக்கொள்ளாததால் நாக்கில் தொட்டுத் தொட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக், டிக். கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பது மருமகளுக்கு நாளடைவில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. மகளுக்கு எஸ்.எம்.எஸ்ஸில் பதில் எழுதியதெல்லாம் அவள்தான். நல்லா இருக்கேன். போன் பண்ணாதே, காது கேக்கலை. எழுத்துத் தப்பில்லாமல்.

பூட்டிய போனிலும் அவசர அழைப்பு உண்டே என்று அதில் தன் நம்பரையே போட்டு வைத்திருந்தாள். அத்தை அமுக்கினால் கூடத்தில் அவள் போன் அடிக்கும். எடுத்து, "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுவாள். ஒரே சுவர்தான் நடுவில். புருஷன் ஒருநாள், "அம்மா ஏன் அழறாங்க?" என்று கேட்டான். "வயசாச்சு" என்றாள். அதற்கு மேல் கேட்கிற ஆள் இல்லை அவன்.

பூட்டுவதற்குச் சற்று முன், மகள் போனை எடுக்காத நாட்களில் அத்தை அவளுக்குப் பேசி வைத்த வாய்ஸ் மெசேஜ்கள் உள்ளே இருக்கின்றன. இன்டர்நெட்டை அவள் நிறுத்திவிட்டதால் ஒன்றும் போய்ச் சேரவில்லை. பாப்பா, என்னைக் கூட்டிட்டுப் போயிடு. பாப்பா, இவ கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கா. அன்றைக்கே அழித்திருக்கலாம். அழிக்காததற்குக் காரணம், சில மதியங்களில் அவற்றைப் போட்டுக் கேட்பாள். கேட்டால் தூக்கம் நன்றாக வரும்.

திரையில் வெளிச்சம் வந்தது. எண்ணை அமுக்கினாள். யோசிக்கவே வேண்டாம், விரலுக்கே மனப்பாடம்.

தவறான பின்.

அவசரத்தில் விரல் பிசகியிருக்கும். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அமுக்கினாள்.

தவறான பின்.

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எண்ணைத் தலைகீழாகப் போட்டாள். மகள் பிறந்த வருஷத்தைப் போட்டாள். தன் பிறந்த நாளைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முயலச் சொல்லித் திரை கையை விரித்தது. காத்திருந்தாள். காத்திருக்கும்போது, இத்தனை நேரம் கேட்காத ஒரு சின்னச் சத்தம், சுவருக்குள்ளிருந்தோ கட்டிலுக்குக் கீழிருந்தோ, யாரோ மூச்சை இழுத்துப் பிடித்து மெல்ல விடுவதுபோல வந்து, அவள் காது கொடுத்ததும் நின்றது. மழைக்காற்று என்று சொல்லிக்கொண்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

மறுபடியும் அமுக்கினாள். இந்தத் தடவை திரை அவள் விரலையே கண்டுகொள்ளவில்லை. அழுத்தினாள். தேய்த்தாள். பிறகு, எப்போது என்று அவளுக்கே தெரியாமல், விரல் வாய்க்குப் போய் நாக்கில் பட்டுத் திரும்பியிருந்தது.

டிக்.

வாயில் தைலக் கசப்பு.

விரலைப் பார்த்தாள். நுனி சுருங்கி, வெடித்து, நகம் மஞ்சளித்திருந்தது. இருட்டினால் அப்படித் தெரிகிறது. விளக்கைப் போட எழுந்தாள். முழங்கால் எழவில்லை. பள்ளம் விடவில்லை.

தண்ணீர் நின்றது.

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. ஈரக் காலடி. அதோடு இன்னொரு காலடியும், செருப்புத் தேய நடக்கிற காலடி, சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. புருஷன் வேலைக்குப் போயிருந்தான்.

கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் நகர்ந்தது. மெதுவாக. எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். எண்ணெய் போட்டவள் அவள்தான்.

"அண்ணி, அம்மாவை எழுப்பட்டுமா? சொல்லிட்டுக் கிளம்பறேனே." பாப்பாவின் குரல்.

"வேண்டாம் பாப்பா. இப்பதான் கண்ணசந்தாங்க."

அது அவளுடைய குரல். தேன் ஒழுகும் அவளுடைய குரலேதான்.

"முகத்தையாவது பாத்துட்டுப் போறேன்."

"பாத்தா அழுவாங்க. அப்புறம் ராத்திரி பூரா நான்தானே உக்காந்திருக்கணும்? போன் நம்பர் மறந்துபோச்சுன்னு இப்பவே ஒரே புலம்பல். யாரு எவருன்னு தெரியாம என்னென்னவோ உளறுறாங்க. நான்தான் இந்த வீட்டு மருமகள்னுகூட நேத்து சொன்னாங்கன்னா பாத்துக்கோயேன்."

இருவரும் சிரித்தார்கள். பாப்பாவின் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

"உங்களை மாதிரி யாரு பாத்துப்பாங்க அண்ணி. காலையில நான் சண்டை போட்டதை மனசுல வச்சுக்காதீங்க."

பாப்பா, என்று கத்தினாள் உள்ளே இருந்தவள். தொண்டையில் சளி இழுத்தது. அவ்வளவுதான். சுவரைத் தட்டினாள். கை சுவரில் பட்ட சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

"உள்ளே ஏதோ சத்தம்."

"புரண்டு படுக்கிறாங்க."

போன். மடியில் போன் இருந்தது. திரையின் அடியில் மங்கலாக இரண்டு வார்த்தை. அவசர அழைப்பு. நாக்கில் தொட்டாள். அமுக்கினாள். தொட்டாள். அமுக்கினாள்.

கூடத்து மேசையில் அவளுடைய போன் அடித்தது. அவள் ஆசையாய் வைத்த பாட்டு.

யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ?"

சுவர் வழியாக ஒன்று. காதோடு ஒன்று. ஒரே குரல்.

"நான்... நான்தான்..." இளைத்தது. மூச்சு போதவில்லை. "கதவை... பாப்பாகிட்ட சொல்லு..."

"யாரு அண்ணி அது?"

"ராங் நம்பர் பாப்பா. ஓயாம வருது. நீ கிளம்பு, வண்டி நிக்குது பார்."

பெட்டியின் சக்கரம் தரையில் உருண்டது. வாசல் கதவு. கார் கதவு. மழையில் டயர் நனைந்து நகர்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டு, பிறகு மழை மட்டும்.

வலி நெஞ்சுக்கு நடுவில் ஆரம்பித்தது. அத்தை காட்டிய அதே இடம். அன்றைக்கு அத்தை மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தட்டியபோது மருமகள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். சாயங்காலம், முன்பே பிடுங்கி வைத்திருந்த அத்தையின் போனிலிருந்து, நல்லா இருக்கேன், தூங்கப் போறேன் என்று பாப்பாவுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான், போனை மெத்தைக்கு அடியில் செருகி வைக்க, கதவைத் திறந்தாள்.

கூடத்தில் டிவி சத்தம் கூடியது.

திரை அணைந்தது. அந்தக் கறுப்பில் ஒரு முகம் தெரிந்தது. பொக்கை வாய், நெற்றியில் தைலப் பளபளப்பு. அவள் தலையை அசைத்தாள். அதுவும் அசைத்தது.

விரல் தானாகவே நாக்குக்குப் போனது.

டிக். டிக். டிக். டிக்.

தவறான பின்.

செருப்புத் தேயும் காலடி வந்து கதவுக்கு வெளியே நின்றது. நின்று, கேட்டுக்கொண்டிருந்தது. கதவோடு உதட்டை ஒட்டி வைத்துப் பேசுவதுபோல, மிகவும் அன்பாக, மிகவும் மெதுவாக அந்தக் குரல் சொன்னது:

"திரும்பவும் மறந்துட்டீங்களா அத்தை? நல்லா யோசிச்சுப் பாருங்க."