இரும்பு தெரியும்வரை

ஒன்பது நாளாக நெருப்பே காணாத புகைப்பெட்டி, தொட்டால் காய்ச்சல்காரன் வயிறு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. வெயில்தான் காரணம் என்று டிமிக்கி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். பெட்டி நின்றதோ சன்னலே இல்லாத பின்னறையில்.

டிமிக்கி என்பது தெரு வைத்த பெயர். அக்கா புருஷனின் இறைச்சிக்கடையில், இறைச்சியைத் தொங்கவிட்டுப் புகைபோடும் அந்த பீரோ உயரப் பெட்டியை மாதாமாதம் சுரண்டிக் கழுவுவது அவன் பொறுப்பு. மூன்று வருடமாகக் கதவில் தொங்கும் அட்டையில் தேதியும் கையெழுத்தும் மட்டும் போட்டுவந்தான். பிசுக்கு ஏற ஏறத்தான் ருசி என்று மனசாட்சிக்கு ஒரு பதிலும் தயாராக இருந்தது. இன்று நாலு மணிக்குச் சுகாதார அதிகாரி வருகிறார். அழுக்கைக் கண்டால் கடைக்குப் பூட்டு.

"இரும்பு பளபளன்னு தெரியணும் மாப்ள," என்றிருந்தார் அக்கா புருஷன். "இல்லன்னா உன்னையே உள்ள தொங்கவிட்டுப் புகை போட்டுடுவேன்."

திறந்தான். ஏழு பிணவறையை ஒரே சட்டியில் காய்ச்சிய நாற்றம் மூக்கில் ஏறி, தொண்டைக்கு இறங்கி, அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. சுவரெங்கும் கொழுப்பு கறுத்து, திரண்டு, இடையிடையே சீழ்போல மஞ்சளாகக் கசிந்து, கீழே வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில்தான் அந்த வாளியைக் காலி செய்திருந்தான். இப்போது தளும்பியது, மேலே ஆடை கட்டி.

பின்சுவரில் சுரண்டியை வைத்து இழுத்தான். தார்போலக் கறுப்பு வந்தது. பிறகு பழுப்பு. பிறகு வெளிர்மஞ்சள், வெண்ணெய்போல வழவழவென்று. முழங்கை வரை கை உள்ளே புதைந்தும் இரும்பு வரவில்லை. பெட்டித் தகடே விரல் பருமன்தான். வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தான். கை அந்தப்பக்கம் வந்திருக்கவில்லை.

இன்னும் ஒரு இழுப்பு. இளஞ்சிவப்பு.

அதில் மயிர்க்கால்கள். அவன் மூச்சுக்காற்று பட்டதும் அவை சிலிர்த்துக்கொண்டன. நடுவே பிறைபோல ஒரு தழும்பு, மூன்று தையலோடு. அவனுக்குத் தெரிந்த தழும்பு. முன்பு கத்தி வழுக்கியபோது அவன் மணிக்கட்டில் விழுந்த அதே தழும்பு.

"ஆச்சா மாப்ள? அதிகாரி வந்துட்டாரு," என்றது முன்னறைக் குரல்.

"இதோ மாமா."

கையை உருவினான். முழங்கை வரை கறுப்பு. சோப்புக்கு அசையவில்லை. கந்தல் துணி ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டில் தழும்பைத் தேடினான். கொழுப்புதான் இருந்தது.

காலடிகள். இரண்டு பேர்.

சுரண்டியைத் தன் கையில் வைத்தான். மெதுவாக இழுத்தான். வலிக்கவில்லை. பெட்டிக்குள் சுவர் துடித்தது.

கறுப்பு. பழுப்பு. வெளிர்மஞ்சள்.

கதவு திறந்தது. டிமிக்கி கையை நீட்டிக்கொண்டு நின்றான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஒரு பொட்டு அழுக்கில்லாமல், இரும்பு பளபளத்தது.