ஆள்குறைப்பு

"சாரு செத்துக் கீறாரு!"

அட்டெண்டர் அங்கமுத்துவின் அலறலில் தி.நகர் ஆபீஸே எழுந்து நின்றது.

பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஆபீஸ் அது. சிப்பாய்களுக்குச் சீருடை அனுப்புகிற இடம். அதன் அதிகாரி முத்துகிருஷ்ணன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். பக்கத்தில் பாதி குடித்த காபி. அதனடியில் டைப் அடித்த ஒரு கடிதம்...

ஸ்டெனோ கணேசமூர்த்தி வாசலிலேயே நின்றார்.

இருபத்தாறு வருட சர்வீஸ். ரிட்டயராக இன்னும் எட்டு வருடம். அதற்குள் டெல்லியிலிருந்து ஓலை வந்துவிட்டது. இந்த ஆபீஸில் இரண்டு போஸ்ட் ரத்து.

எந்த இரண்டு? ஸ்டெனோ ஒன்று, அட்டெண்டர் ஒன்று என்று முத்துகிருஷ்ணன் முடிவு செய்தார். அந்த நோட்டை டைப் அடிக்கவும் கணேசமூர்த்தியைத்தான் கூப்பிட்டார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இன்று மாலை அதில் கையெழுத்தாக வேண்டும். ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் ஷாகிரா வந்தார். ஆள்குறைப்பு விவரம் கேட்டுக்கொண்டு, கடிதத்தைப் படித்தார்.

"'ஊழியர்கள் வயிற்றில் அடிக்க மனம் ஒப்பவில்லை. என் சாவுக்கு நானே காரணம்.' கையெழுத்து அவரோடதா?"

"அவரோடதுதான் மேடம். பச்சை இங்க். இங்க அவர் ஒருத்தர்தான் பச்சையில போடுவார்."

"அப்ப ஆள்குறைப்பு?"

"புது ஆபீசர் வரணும் மேடம். அதுவரைக்கும் ஃபைல் தூங்கும்." கணேசமூர்த்தி பெருமூச்சு விட்டார்.

"கீழே, இடது ஓரமா 'மு.கி./க.மூ.'ன்னு இருக்கே... என்ன இது?"

கணேசமூர்த்தி கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

அங்கமுத்து முந்திக்கொண்டான்.

"அது ஸ்டெனோ சார் பயக்கம் மேடம். சொன்னவரு பேரு மொதல்ல, டைப் அடிச்சவரு பேரு பின்னால. எந்த லெட்டரா இருந்தாலும் போட்டுருவாரு."

"முத்துகிருஷ்ணன்... கணேசமூர்த்தி." ஷாகிரா நிமிர்ந்தார். "தற்கொலை லெட்டரைக்கூட ஸ்டெனோகிட்ட சொல்லியா சார் எழுதுவாங்க?"



"இருபத்தாறு வருஷம் மேடம்... விரல் தானா அடிச்சிடுச்சு." கணேசமூர்த்தி நாற்காலியில் சரிந்தார். "நீட்டற பேப்பர்ல எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இதுலயும் போட்டார். அப்புறம்தான் காபியில கலந்தேன்... என்னை வீட்டுக்கு அனுப்பற நோட்டை என்னையே அடிக்கச் சொன்னாரு மேடம். அதுலயும் ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு திருப்பி அடிக்கச் சொன்னாரு."

சொல்லிவிட்டு அழுதார்.

ஜீப்பில் ஏற்றும்போது அங்கமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சார்... சார்... டெல்லிலேர்ந்து போன் வந்துச்சு. ஆபீசர் செத்துட்டாருன்னு சொன்னேன். அவரு போஸ்டை இனிமே நிரப்ப மாட்டாங்களாம். அடையாறு ஆபீஸே இதையும் பாத்துக்குமாம்."

"அதுக்கு?" கணேசமூர்த்தி எரிந்து விழுந்தார்.

"ரெண்டு போஸ்ட்தானே சார் கேட்டாங்க? பெரிய சாரு ஒண்ணு, நீங்க ஒண்ணு... என் வேலை தப்பிச்சிக்கிச்சு. ரொம்ப டேங்க்ஸ் சார்."