காயாத தங்கம்

கீழ் ஓரத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, தங்க நிறப் பூச்சில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. முந்தின நாள் மாலை இத்ரீஸ் ஸ்ப்ரே கன்னைக் கழுவி வைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது அந்த இரும்புச் சட்டத்தில் ஒரு தூசிகூட ஒட்டியிருக்கவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அடைந்து கிடந்த தின்னர் வாடை முகத்தில் அடித்தது. வெளியே பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகும் டிராக்டர்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, அந்தக் குழியைத் தவிர.

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் கடையில் ஈரத்தைத் தொட்டுப் பார்க்காத மனிதர் கிடையாது. ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்தால் அந்த எழுத்து காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். அதனால் ஒரு குழியைப் பார்த்ததும் அது எந்தப் பதத்தில் விழுந்தது என்று சொல்லிவிட இத்ரீஸுக்குத் தெரியும். அடித்த உடனே தொட்டால் பூச்சு விரலோடு வந்துவிடும். காய்ந்தபின் தொட்டால் ஒன்றும் ஆகாது. நடுவில் ஒட்டும் பதம் என்று ஒன்று உண்டு. அப்போது தொட்டால்தான் ரேகையோடு அச்சு நிற்கும். இது ஒட்டும் பதத்தில் விழுந்தது. அந்த நேரத்தில் கடை பூட்டியிருந்தது, அவன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான்.

மண்டியிட்டு, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தான். சின்ன விரல். சுழி சுழியாக ரேகை. ரேகைகளின் குறுக்கே நேராக ஒரு வெட்டு.

சைக்கிள் செயினில் சிக்கிய வெட்டு. அவன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடித் தையல் போட்டு வந்தான். அது அவன் மகள் ஹுமேராவின் ஆள்காட்டி விரல். ஹுமேரா காய்ச்சலில் மௌத்தாகி, ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்திருந்தது.

அவன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

பள்ளி விட்டதும் அவள் நேராகக் கடைக்குத்தான் வருவாள். பையைக்கூடக் கழற்றாமல் எது ஈரமாக இருக்கிறதோ அதில் ஒரு விரலை வைத்துவிட்டு, “காஞ்சிருச்சா, அத்தா?” என்று அப்பனிடம் கேட்பாள். அப்புறம் அந்த விரலை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் சேலையிலோ இடுப்பிலோ துடைப்பாள். தங்கக் கலர் என்றால் கேட்கவே வேண்டாம். டேங்கின் அடியில், மட்கார்டின் உள்பக்கத்தில் அவள் வைத்த அச்சை இத்ரீஸும் தேய்க்காமல் விட்டுவிடுவான். ஊரில் பாதி வண்டி அவள் விரலோடுதான் ஓடுகிறது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு வண்டியைக் கண்டு, அதன் சொந்தக்காரர் வரும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தான். அவர் வந்து, என்ன ஏது என்று ஒருமாதிரி பார்த்த பிறகுதான் எழுந்தான்.

அந்த இரும்புச் சட்டம் ஒரு பழைய பியானோவுக்குள் இருந்து கழற்றியது. தருமபுரியில் கீபோர்டு வகுப்பு நடத்தும் அருள்குமார், எங்கோ பங்களாவில் கிடந்த பியானோவை வாங்கி, கம்பிகளைக் கழற்றி, நாலு ஆளை வைத்து இதை மட்டும் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்திருந்தார்.

“கம்பி எல்லாம் சேர்ந்து டன் கணக்குல இழுக்கும்ங்க பாய். அத்தனை இழுப்பையும் தாங்குறது இதுதான். துரு எடுத்துட்டு, முந்தி இருந்தாப்புலயே தங்கக் கலர் அடிச்சுக் குடுங்க. ஆணி ஓட்டைக்குள்ள மட்டும் பெயிண்ட் போயிடக் கூடாது” என்றார்.

இன்ஜின் தூக்கும் சங்கிலியில் அதைத் தொங்கவிட்டு, துரு உதிர்வதற்காகச் சின்னச் சுத்தியலால் தட்டினான் இத்ரீஸ். வண்டி இரும்பு தட்டினால் ணங்கென்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இது நிறுத்தவில்லை. காது கைவிட்ட பிறகும் சத்தம் உள்ளங்காலில் இருந்தது, சிமெண்ட் தரைக்குள் இறங்கி எங்கோ போய்க்கொண்டே இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு தக்காளித் தோட்டம். அதைத் தாண்டினால் ஹுமேராவை அடக்கிய கபர்ஸ்தான்.

அன்று வீட்டில் ஷகிலா கேட்டாள். “என்னாங்க அது சத்தம்? வூடு வரைக்கும் கேட்டுச்சு. வயித்துல புள்ள துள்ளித் துள்ளி அடங்கவே இல்ல.”

ஷகிலாவுக்கு இது எட்டாம் மாதம். ஹுமேராவுக்குப் பிறகு நெடுநாள் கழித்துத் தங்கிய பிள்ளை.

விரல் அச்சைப் பற்றி அவன் சொன்னபோது ஷகிலா கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எலியாக இருக்கும் என்றாள். வெட்டுத் தழும்பைச் சொன்னதும் கையை நிறுத்தினாள். “வந்து பாரு” என்று கூப்பிட்டான். “மாட்டேங்க” என்றாள். “அவள அல்லாஹ்கிட்ட ஒப்படைச்சாச்சு. நான் வர மாட்டேன்.”

பூச்சு ஒன்றே போதுமானதாக இருந்தது. இத்ரீஸ் மறுபடி அடித்தான். அச்சு இருந்த இடத்தை மட்டும் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு மற்றதெல்லாம் அடித்தான். முடித்ததும் என்ன தோன்றியதோ, சட்டத்தை விரல் முட்டியால் தட்டினான். சத்தம் இறங்கிப் போனது.

மறுநாள் இரண்டு விரல்களின் அச்சு இருந்தது. ரேகையின் மேல் சுருக்கம் சுருக்கமாக விழுந்திருந்தது, வெகுநேரம் துணி துவைத்த விரல்போல. மழைக்காலம்தானே, மண்ணெல்லாம் ஈரம்தானே என்று ஏதோ நினைத்து, நினைத்ததற்கே தலையை உதறிக்கொண்டான். ஆனாலும் அந்த இடத்தில் உதட்டை வைத்தான். தங்கம் கசந்தது.

அடுத்த பூச்சுக்கு விரல்கள் வந்தன, ரேகை இல்லை. வழவழவென்று இருந்தது. தழும்பு இல்லை. மெல்லத் தொட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். அச்சு ஆழமாக இருந்தது அவன் கண்ணில் படாமல் இல்லை. அதற்கடுத்த பூச்சுக்கு முன்னைவிட ஆழமாக, முன்னைவிட ஒடுங்கி வந்தது. குழிக்குள் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. அதை ஊதித் தள்ளிவிட்டு, அச்சுகளை மறைத்து மீண்டும் அடித்தான், முடித்ததும் தட்டினான். கடைக்கு வந்த வண்டிகளை நாளைக்கு, நாளன்றைக்கு என்று திருப்பி அனுப்பினான். சாப்பிடுவதும் மறந்தது. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்காகவே உயிரோடு இருந்தான். மகளைப் பறிகொடுத்தவனுக்கு அவள் விரலாவது கிடைத்தால் விடுவானா?

வேலை முடியாததால் அருள்குமாரே நேரில் வந்தார். சட்டத்தைச் சுற்றி வந்து பார்த்து முகம் சுளித்தார். “இவ்வளவு கனமா ஏன் அடிச்சீங்க பாய்? சத்தம் செத்துடும்ங்க.” குனிந்து கீழ் ஓரத்தைப் பார்த்தார். “இங்க யாரோ குச்சியால குத்திக் குத்தி வச்சிருக்காங்க பாருங்க.”

“குச்சியா?”

“பின்ன? விரலு இவ்வளவு ஒல்லியாவா இருக்கும்?”

அவர் போன பிறகும் இத்ரீஸ் அங்கேயே நின்றான். அத்தனை நாளும் அடுத்தடுத்து இருந்த குழிகளை அவன் மகளாகப் பார்த்தானே தவிர குழிகளாகப் பார்க்கவில்லை. இப்போது வரிசையாகப் பார்த்தான். ரேகையோடு ஒன்று. சுருங்கியது. வழவழத்தது. ஒடுங்கியது. கடைசியில் தோலும் சதையும் இல்லாத நுனி. நகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு முறையும் தட்டிக் கூப்பிட்டது அவன். அத்தா கூப்பிட்டான் என்று ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தது அவள். வரவர, அவளிடம் கொண்டுவருவதற்கு மிச்சம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

ஷகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. அவன் கையைப் பிடித்து, நகக்கண்ணில் ஏறியிருந்த தங்கத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

“போதுங்க. அது தூங்கட்டும். சின்னப் புள்ள, நாம கூப்டா வராம என்ன செய்யும்? எனக்கு மட்டும் ஆசையில்லன்னா நெனைக்கிறீங்க? இனிமே இது ஒண்ணுதாங்க நமக்கு” என்று வயிற்றில் அவன் கையை வைத்தாள். “இத பாருங்க. அந்த இரும்பு சத்தம் கேக்குற போதெல்லாம் இது தூக்கிப் போடுது. எனக்குப் பயமா இருக்குங்க.”

இனித் தட்டுவதில்லை என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னான்.

சொன்னதைச் செய்யத்தான் கடைக்குப் போனான். குழிகளை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து மட்டப்படுத்தினான். தேய்க்கத் தேய்க்கத் தங்கத் தண்ணீர் மணிக்கட்டு வழியே ஒழுகியது, அவன் கண்ணும் ஒழுகியது. ஒரே ஒரு அச்சு மிஞ்சியது. முதலாவது. தழும்போடு இருந்தது. அதையும் தேய்த்தான். மிச்சமிருந்த தங்கத்தைக் கலந்து, கடைசிப் பூச்சை வழிந்து ஓட்டம் விழாமல் ஒரே சீராக அடித்து முடித்தான். சாயங்கால வெளிச்சத்தில் அது புதுசாக மின்னியது. நாளைக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு எதுவும் இல்லை. எதுவுமே இல்லை.

அந்த நினைப்பை அவனால் தாங்க முடியவில்லை. கை தானாகப் போய்த் தட்டியது.

ஒரே ஒரு முறை. மெதுவாகத்தான்.

ஷட்டரை இறக்கிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். இந்த முறை வந்தால் கண்ணால் பார்த்து, போய் வா கண்ணு என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது. தூறல் விழுந்து நின்றது. தோட்டத்துப் பக்கமிருந்து ஈர மண்ணும் அழுகிய தக்காளியும் மணத்தன. உள்ளே சங்கிலி ஒருமுறை கிறீச்சிட்டது. ஏதோ உருளும் சத்தம், டப்பா மூடியாக இருக்கலாம். மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஒட்டும் பதம் வந்திருக்கும்.

ஷட்டரைத் தூக்கினான்.

சட்டம் சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஓரம், நடு, ஓட்டைகளைச் சுற்றி, எங்கும் தடவித் தடவிப் பார்த்தான். இல்லை. வரவில்லை. தூங்கிவிட்டாள். நிம்மதியும் துக்கமும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் தங்கக் கலர் டப்பா தெரிந்தது. மூடி தரையில் கிடந்தது. டப்பாவின் விளிம்பில் கோடு கோடாகத் தங்கம் வழிந்திருந்தது. தோட்டத்துப் பக்கம் இருந்த பின்கதவு திறந்திருந்தது. கதவில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஐந்து மெல்லிய கோடுகள். அதற்கப்பால் புல்லில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

சொட்டுகள் கபர்ஸ்தான் பக்கம் போகவில்லை.

ஓடினான். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினான். வாய்க்கால் பலகையில் ஒரு சொட்டு. தெருமுனையில் ஒன்று. வீட்டு நிலையில், அதே உயரத்தில், ஈரமாக ஒரு கோடு. முன்பெல்லாம் விரலைத் துடைக்க ஓடிவருகிறவள் பிடித்துக்கொண்டு திரும்பும் அதே இடம்.

உள்ளே விளக்கில்லை. தின்னர் வாடை. ஈர மண் வாடை.

“வந்துட்டீங்களா?” ஷகிலாவின் குரல் தூக்கத்தில் குழைந்திருந்தது. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். “அசந்துட்டேன் போல. கொஞ்சம் லைட்டப் போடுங்க. புள்ள துள்ளவே இல்லீங்க. ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்குது.”

சுவிட்சைப் போட்டான்.

சேலை விலகியிருந்தது. இறுகி உயர்ந்த வயிற்றின் மேல் இடுப்பிலிருந்து தொப்புள்வரை தங்கக் கோடுகள். குச்சிபோல ஒல்லியாக. ஈரமாக. அவை முடிந்த இடத்தில் தோல் ஒரு பட்டாணி அளவுக்கு உள்ளே அழுந்தியிருந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அந்தக் குழி எழவில்லை.

“என்னங்க அப்படிப் பாக்குறீங்க?”

வயிற்றுக்குள்ளிருந்து, தோலைத் தள்ளிக்கொண்டு, மிகச் சின்னதாக ஒரு புடைப்பு நகர்ந்து வந்தது. தயங்கியது. பிறகு குழிக்கு நேர் அடியில் வந்து, அதைத் தொட்டுக்கொண்டு நின்றது.