படம் 4.2

2091 மார்ச் 14, காலை எட்டு மணிக்கு, இராமநாதபுரம் மாவட்டம் கீழப்புலியடி கண்மாயின் நீர்மட்டம் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

நவமணி அதைக் கைத்திரையில் பதிந்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் அவர் சொல் கேட்பதில்லை. கல்லூரி முதலாண்டுச் சுற்றுச்சூழல் பாடநூலின் புதிய பதிப்புக்காக அவர் சரிபார்க்க வந்த பதினேழாவது இடம் இது. அலையாத்திக் காடு, சோலை, புல்வெளி என்று ஒவ்வொன்றாகப் போய், புத்தகத்தில் இருப்பது நிலத்திலும் இருக்கிறதா என்று பார்த்து ஒப்பமிட வேண்டும்.

கண்மாய்க் காப்பாளர் சந்தியாகு சற்றுத் தள்ளி நின்றார். அவர் தங்கை லூர்து ஒரு செம்பை நீட்டினாள்.

"மோர் குடிங்க மேடம். இதுக்குப் புத்தகத்துல படம் கெடையாது, தைரியமாக் குடிங்க."

நவமணி வாங்கிக் குடித்தார். கண்மாயில் பாதிக்கு ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. எங்கும் ஊதாப் பூக்கள். படத்தையும் நிலத்தையும் ஒப்பிடும் படவொப்பி மென்பொருள், தொண்ணூற்றெட்டு விழுக்காடு பொருத்தம் என்று காட்டியது.

"இது எப்ப வந்துச்சு?"

"தானா வரல மேடம். நாங்கதான் கொண்டாந்தோம்," என்றார் சந்தியாகு. "போன தடவை ஒங்க மிஷினு எழுபத்தொண்ணுன்னு சொல்லிருச்சு. எழுபதுக்குக் கீழ போனா புத்தகத்துலேருந்து ஊர் பேரை எடுத்துருவோம்னு கடுதாசி வந்துச்சு. புத்தகத்த வாங்கிப் பாத்தோம். படத்துல ஊதாப் பூ இருக்கு, நம்ம கண்மாய்ல இல்ல. மதுரப் பக்கம் ஒரு சாக்கடைலேருந்து மூணே மூணு செடி, வாளில வச்சுக் கொண்டாந்தேன்."

"அதுக்கு வழியெல்லாம் கொட வேற பிடிச்சுக்கிட்டு வந்தாக," என்றாள் லூர்து. "பெத்த புள்ளைக்குப் பிடிச்சதில்ல."

நவமணி சிரிக்கவில்லை. புத்தகத்தில் உள்ள அந்தப் படம் 4.2 அவர் வரைந்தது. முப்பத்திரண்டு வயதில், பாடநூல் குழுவில் ஓவியராகச் சேர்ந்த புதிதில், இந்தக் கண்மாயைப் பார்க்காமலே வரைந்தார். பாதிப் பக்கம் வெறும் தண்ணீராகக் கிடக்கிறதே என்று ஊதாப் பூக்களால் நிரப்பி, 'ஆகாயத்தாமரை, நாட்டு நீர்த்தாவரம்' என்று கீழே எழுதினார். அது வெளிநாட்டிலிருந்து வந்து நீர்நிலைகளை அடைக்கும் களை என்று சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்போது மாதிரி நிலச் சட்டம் வரவில்லை. 2072இல் அது வந்த பிறகு, கடல்நீரைச் சுத்திகரித்து எடுக்கும் நன்னீரில் ஒரு பங்கு பாடநூலில் பெயர் உள்ள இடங்களுக்கு மட்டும் போகிறது. வகைக்கு ஓர் இடம். மாணவர்கள் நேரில் பார்க்க ஒன்றாவது மிஞ்சட்டும் என்பது சட்டத்தின் நியாயம். கீழப்புலியடியின் நூற்றிருபது வீடுகளும் அந்தக் குழாயை நம்பித்தான் இருந்தன. சுற்றியிருந்த ஊர்களில் இப்போது யாரும் இல்லை.

"மீன் இருக்கா?"

"அயிரை போன வருசமே போச்சு. கெளுத்தி மட்டும் மேல வந்து வாயத் தெறந்துக்கிட்டுக் கெடக்கு," என்றார் சந்தியாகு. "படத்துக்கு வேணுங்கறத விட்டுட்டு மிச்சத்த மூணு தடவை பிடுங்கிப் பாத்தோம். பத்து நாள்ல பழையபடி ஆயிருது. புத்தகத்துல உள்ள செடி கெடுதல் பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

"படந்தான் தப்பு. நான்தான் வரைஞ்சேன்."



"சரி, திருத்திருங்க மேடம்," என்றார் சந்தியாகு. "ஊரே எறங்கி வேரோட அள்ளிப் போட்டுர்றோம்."

"பிழைன்னு எழுதினா இந்த எடுத்துக்காட்டையே எடுத்துருவாங்க. வேற கண்மாயைப் போடுவாங்க. விதி அப்படி."

"அப்ப எழுதாதீங்க," என்றாள் லூர்து.

"எழுதலைன்னா இதைப் பிடுங்கவும் முடியாது, பொருத்தம் கொறைஞ்சிரும். ரெண்டு மூணு வருசத்துல கண்மாய்ல இந்தச் செடி மட்டுந்தான் இருக்கும்."

"கொழாய்ல தண்ணி வருமா?"

"வரும்."

"அதச் சொல்லுங்க மொதல்ல."



கைத்திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன: 'பொருந்துகிறது', 'பிழை உள்ளது'. நவமணி இரண்டாவதைத் திறந்து நான்கு வரி எழுதினார். பிழை தன்னுடையது என்பதையும் சேர்த்தார். ஒருமுறை படித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் கட்டத்தில் ஒப்பமிட்டார்.

புதிய பதிப்பு ஜூனில் வெளிவந்தது. கீழப்புலியடிக்குக் குழாய்த் தண்ணீர் வருவது நிற்கவில்லை. கண்மாயில் வலை போடுவதை அந்த ஆண்டே விட்டுவிட்டார்கள். அடுத்த ஏப்ரல் தேர்வில், தென்மாவட்டக் கண்மாய்களின் நாட்டு நீர்த்தாவரம் ஒன்றைக் குறிப்பிடுமாறு கேட்கப்பட்டிருந்தது. முப்பத்தெட்டாயிரம் மாணவர்கள் ஆகாயத்தாமரை என்று எழுதினார்கள். அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்பட்டது.