அங்கயற்கண்ணியின் அப்பீல்

செவ்வாய்க் குடியரசில் டீக்கடையில் யாரும் வாய் திறந்து டீ கேட்பதில்லை. ஒவ்வொருவர் பிடரியிலும் அரிசி அளவுக்கு ஒரு பொறி உண்டு. முந்துமனப் பொறி என்று பெயர். குழந்தைக்குக் காது குத்தும்போதே அதையும் பொருத்திவிடுவார்கள். நினைப்பு நாக்குக்கு வருமுன் அது படித்துவிடும். பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாளே என்று "சர்க்கரை வேண்டாம்" என்று சொன்னாலும், சர்க்கரை தூக்கலாகவே கிளாஸ் கைக்கு வரும்.

வாயை நம்பாத ஊரில் பொதுக் கட்டடத்துக்குப் பெயர் வைப்பதும் அப்படித்தான். முன்பெல்லாம் கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்காரர்கள் மாமன், மச்சான் பெயரையெல்லாம் வைத்துத் தொலைத்தார்கள். இப்போது அந்த வேலையைப் பெயர்த்தீர்ப்பி என்ற இயந்திரம் பார்க்கிறது. எல்லோர் பொறிக்கும் ஒரே கேள்வியை அனுப்பும். யார் முகம் முதலில் தோன்றுகிறதோ அவர் பெயரை வைக்கும்.

புதிதாகக் கட்டிய கிரிக்கெட் அரங்கத்துக்காக, நாட்டின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் யார் என்று கேட்டது. ஆண்கள் அணியின் சேந்தன் என்று தீர்ப்பு வந்தது.

செய்தி வந்தபோது அங்கயற்கண்ணி இட்லி தின்றுகொண்டிருந்தாள். தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். பெண்கள் அணியின் கேப்டன் அவள். அறுநூற்று நாற்பது விக்கெட் எடுத்தவள். போன வருடம் கோளக் கோப்பையை வென்று தூக்கி வந்தவள், அதற்கு முன்னும் இரண்டு முறை. சேந்தனோ இருநூறைத் தாண்டவில்லை. ஆண்கள் அணி அந்தக் கோப்பையைத் தொட்டு முப்பது வருடத்துக்கு மேலாகிறது, அதுவும் ஒரே ஒரு முறை. வயிறு எரியுமா, எரியாதா?

நேரே கிரிக்கெட் வாரியத்துக்குப் போனாள். செயலாளர் குமாரதுரை அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"எதுக்கும்மா இவ்வளவு கோவம்? லேடீஸ் கேலரிக்குப் போற வாசலுக்கு உன் பேரைத்தான் வைக்கப்போறோம். அங்கயற்கண்ணி மகளிர் வாயில். நல்லாருக்குல்ல?"

"வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கவா சார் நான் அத்தனை விக்கெட் எடுத்தேன்?"

"பெண்கள் கிரிக்கெட்ல நீதாம்மா முதல். யாரு இல்லேன்னா?"

"விக்கெட்ல என்ன சார் ஆம்பளை விக்கெட், பொம்பளை விக்கெட்? அவருக்கும் ஓவருக்கு ஆறு பந்துதானே?"

குமாரதுரை சிரித்தார். கோபப்படும் பெண்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே சில ஆண்கள் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்களே, அந்தச் சிரிப்பு. கிரகம் மாறியும் அது மாறவில்லை.

"நானா தீர்ப்பு சொன்னேன்? மெஷின் சொல்லிச்சு. போய் அதுகிட்ட அப்பீல் பண்ணு."

போனாள். பெயர்த்தீர்ப்பி மனிதர்களைவிட மரியாதையாகவே பேசியது.

"வாருங்கள் மேடம். கணக்குப்படி பார்த்தால் நீங்கள்தான். ஆனால் மக்கள் நினைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது."

"அந்த நினைப்பே தப்பு. ஊருக்கே கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"அதற்கும் விதி இருக்கிறது. மக்கள் நினைப்பு பிசகு என்று ஒரே ஒரு மனம் காட்டினால் போதும். தீர்ப்பை ரத்து செய்துவிட்டுக் கணக்கைப் பார்த்துப் பெயர் வைப்பேன். ஒரு கேள்வி கேட்பேன். நீங்களே சாட்சி சொல்கிறீர்களா?"

காலையிலிருந்து முதல் முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்னைவிட நல்ல சாட்சி உனக்கு எங்க கிடைக்கும்? கேளு."

"நம் நாடு கோளக் கோப்பை வென்ற காட்சி எது?"

"போன வருஷம். இந்தக் கையாலதான் வாங்கினேன்," என்று சட்டென்று சொன்னாள்.

இயந்திரம் அவள் முடிக்கும்வரை காத்திருந்தது. பிறகு, அவள் வாய் திறக்குமுன் பொறி படித்திருந்ததைச் சுவரில் காட்டியது. பதினோரு ஆண்கள். கேப்டனைத் தோளில் தூக்கி, கோப்பையை ஆட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். குடியரசு தினம் தவறாமல் தெருவுக்குத் தெரு போடுகிற படம். பாடப்புத்தக அட்டையிலும் அதுதான். அவளும் சின்ன வயதில் கவுனைப் பிடித்துக்கொண்டு, ஜெயிச்சிட்டோம் ஜெயிச்சிட்டோம் என்று அதன் முன்னால் குதித்தவள்தான்.

அங்கயற்கண்ணிக்குக் காது சிவந்துவிட்டது. "இது என் தப்பில்ல. இதையே போட்டுப் போட்டுக் காட்டினா வேற என்ன வரும்?"

"எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் மேடம். மனுவைத் தள்ளுபடி செய்யட்டுமா?"

"இரு. இன்னொரு தடவை கேளு."

கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். கோப்பையின் கனத்தை நினைத்தாள். அதன் கைப்பிடி உள்ளங்கையில் அழுத்தியதை, தோளில் முகம் புதைத்து அழுத விக்கெட் கீப்பரை, தொண்டை கட்டக் கத்தியதை எல்லாம் இழுத்து இழுத்து நினைத்தாள். கண்ணைத் திறந்தபோது சுவரில் அதே பதினோரு ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை முன்பைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டார்கள்.